கண்மாய்க்குள் ஆறடி இடைவெளி: நோய்க்கால நிவாரணம் எப்படி இயங்குகிறது?

வேலையின்மைக்குப் பொருளாதாரம் சொல்லும் வழக்கமான மருந்து ஒன்று உண்டு. மக்கள் கையில் காசு குறைந்தால் கடையில் விற்பனை படுத்துவிடும். விற்பனை படுத்தால் ஆலை முதலாளி ஆட்களைக் குறைப்பார். அப்போது அரசு முன்வந்து சாலை போட வேண்டும், பாலம் கட்ட வேண்டும், வாய்க்கால் வெட்ட வேண்டும். அதில் கூலி வாங்குபவர் கடைக்குப் போவார், கடை பிழைக்கும், ஆலை திறக்கும்.

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு இந்தப் பாடம் தலைகீழானது. பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு நாடே வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்றார். இடையில் நான்கு மணி நேரம். அதற்குள் கொத்தனார், சித்தாள், பூக்காரம்மா, ஆட்டோ ஓட்டுநர், பரோட்டாக் கடை மாஸ்டர் என்று அன்றாடம் உழைத்து அன்றாடம் சாப்பிடும் அத்தனை பேருக்கும் நாளைய வருமானம் இல்லையென்று ஆகிவிட்டது. வேலை இருந்தது, செய்ய ஆளும் இருந்தார்கள். ஆனால் வேலைக்குப் போனால் கொரோனா நோய் பரவும். ஆகவே போகாதே என்று அரசே தடுத்தது.

நோய்க்கால நிவாரணம் மற்ற காலத்து நிவாரணத்திலிருந்து வேறுபடும் இடம் இதுதான். இதற்கு இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் மக்கள் வெளியே வராமல் இருப்பதற்காக அவர்களுக்குச் சோறும் காசும் கொடுக்க வேண்டும். அங்கே வேலை கொடுப்பது தவறு. கூட்டம் சேர்ந்தால் நோய் சேரும். தொற்று ஓரளவு தணிந்து கதவு திறந்த பிறகு இரண்டாம் கட்டம், அப்போதுதான் வேலை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால், பட்டினியில் இருப்பவரிடம் கடன் விண்ணப்பத்தை நீட்டுவது போன்ற அபத்தங்கள் நடக்கும். 2020-இல் கொஞ்சம் நடக்கவும் செய்தன.

முதல் கட்டம்: வீட்டில் இருப்பதற்கான சோறு

ஊரடங்கு தொடங்கிய மறுநாள், மார்ச் 26 அன்று, நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 1.70 லட்சம் கோடி ரூபாய்த் தொகுப்பு ஒன்றை அறிவித்தார். ரேஷன் திட்டத்தில் உள்ள 80 கோடி பேருக்கு, ஏற்கெனவே வாங்குவதற்கு மேல், ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி அல்லது கோதுமை இலவசம்; குடும்பத்துக்கு 1 கிலோ பருப்பு. ஏழைகளுக்கான வங்கிக் கணக்குத் திட்டமான ஜன்தனில், பெண்கள் பெயரில் உள்ள கணக்குகளில் மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதம். உஜ்வலா திட்டத்தில் சமையல் எரிவாயு இணைப்புப் பெற்றவர்களுக்கு மூன்று சிலிண்டர்கள். மூன்று மாதத்துக்கு என்று அறிவித்த அந்த இலவசத் தானியம், இடையில் சில மாதங்கள் நின்றாலும், 2022 டிசம்பர் வரை நீண்டது.

என் கருத்தில் அந்தத் தொகுப்பின் உயிர் இந்த அரிசியில்தான் இருந்தது. இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் தானியம் ஏற்கெனவே தேவைக்கு மேல் குவிந்து கிடந்தது. ரேஷன் கடை ஊர்தோறும் இருந்தது. அட்டை கையில் இருந்தது. புதிதாக எதையும் கட்ட வேண்டியிருக்கவில்லை; கிடங்கைத் திறந்தால் போதும் என்ற நிலை.

தமிழ்நாட்டில் இது இன்னும் எளிதாக நடந்தது. இங்கே ரேஷன் கிட்டத்தட்ட எல்லாருக்கும் பொது. வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று குடும்பங்களைப் பிரிக்கும் வழக்கம் இல்லை. அரிசி வாங்கும் அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தபோது, யாருக்கு, எப்படி என்ற கேள்வியே எழவில்லை. டோக்கன் வந்தது, கடைக்குப் போனோம், வாங்கினோம். 2021 மே மாதம் இரண்டாம் அலையில் ஆட்சி மாறியிருந்தது. புதிய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் முதல் நாளில் கையெழுத்திட்ட கோப்புகளில் ஒன்று, ஏறத்தாழ 2.07 கோடி அரிசி அட்டைகளுக்குத் தலா 4,000 ரூபாய். மே மாதம் 2,000, ஜூனில் 2,000. கட்சி மாறினாலும் பணம் போன வழி அதே ரேஷன் கடை.

இலக்கு வைத்துக் கொடுக்கும் திட்டத்துக்கும் எல்லாருக்கும் கொடுக்கும் திட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் பார்த்தேன். அவருக்கு வங்கிக் கணக்கு 2008-இலிருந்தே உண்டு. மகளிர் குழுவில் சேர்ந்தபோது திறந்தது. ஐந்நூறு ரூபாய் வரும் என்று செய்தியில் கேட்டதும் பாஸ்புக்கை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வங்கிக்கு நடந்தார். கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தின்படி நாள் ஒதுக்கியிருந்தார்கள். தனக்குரிய நாளில்தான் போனார். வரவில்லை. மறு வாரமும் போனார், வரவில்லை. மூன்றாம் முறை போனபோதுதான் காரணம் தெரிந்தது. ஜன்தன் திட்டம் 2014-இல் வந்தது. அந்தத் திட்டத்தின்கீழ் திறந்த பெண்கள் கணக்குக்குத்தான் அந்தப் பணம். முன்கூட்டியே பொறுப்பாகக் கணக்குத் திறந்து, மாதம் தவறாமல் சேமித்தவருக்கு அதில் இடமில்லை. ஆனால் ரேஷன் கடையில் கிடைத்த ஆயிரத்துக்கு அவர் யாரிடமும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களின் நிலை இதைவிட மோசம். அட்டை சொந்த ஊரில், ஆள் வேறு மாநிலத்தில். அட்டை இல்லாத சுமார் 8 கோடி புலம்பெயர் தொழிலாளர்களுக்கு ஆளுக்கு 5 கிலோ தானியம் என்ற அறிவிப்பு மே 14-இல்தான் வந்தது. அதற்குள் ஊரடங்கு தொடங்கி ஐம்பது நாள் ஓடிவிட்டது. ஐம்பது நாள் காத்திருக்க வயிற்றுக்குத் தெரியாது. அவர்கள் நெடுஞ்சாலையில் நடந்து போனதை எல்லாரும் பார்த்தோம். மே 1-இல் தெலங்கானாவின் லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்க்கண்டின் ஹதியாவுக்கு முதல் சிறப்பு ரயில் புறப்பட்டது. அடுத்த சில மாதங்களில் அந்த ரயில்களில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊர் திரும்பினார்கள்.

கண்மாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். மழை எல்லார் தலையிலும்தான் பெய்கிறது. ஆனால் வரத்துக் கால்வாயைக் கோடையிலேயே தூர்வாரி வைத்த ஊரின் கண்மாய்தான் நிறைகிறது. மழை கொட்டும்போது மண்வெட்டியைத் தேடினால் தண்ணீர் பக்கத்து ஊருக்குப் போய்விடும். 2020-இல் பணமும் தானியமும் போன வழி எல்லாமே, நோய் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் யாரோ வெட்டி வைத்த வாய்க்கால்கள். புதிதாக அவசரத்தில் வெட்டியவை பெரும்பாலும் தாமதமாகவே ஓடின.

பணம், கடன், உத்தரவாதம்

மே 12-இல் பிரதமர் 20 லட்சம் கோடி ரூபாய் என்று ஒரு தொகையைச் சொன்னார். நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 10 விழுக்காடு. இதுபோன்ற பெரிய தொகையைக் கேட்டால், அதை நாட்டின் மக்கள்தொகையால் வகுத்துப் பார்க்கத் தோன்றும். அப்படிச் செய்தால் ஏமாற்றமே மிஞ்சும், ஏனெனில் அந்தத் தொகைக்குள் வெவ்வேறு வகைப் பணம் கலந்திருந்தது.

முதல் வகை, அரசு தன் கஜானாவிலிருந்து நேரடியாகச் செலவு செய்வது. அரிசி, ஐந்நூறு ரூபாய், நூறு நாள் வேலைக் கூலி எல்லாம் இதில் வரும். வாங்கியவர் திருப்பித் தர வேண்டியதில்லை.

இரண்டாவது, கடன். ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்து, வங்கிகளிடம் அதிகப் பணம் புழங்கும்படி செய்தது. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் குறுகியகாலக் கடனின் வட்டி, அதாவது ரெப்போ வட்டி, மார்ச் 27-இல் 4.4 விழுக்காடாகவும் மே 22-இல் 4 விழுக்காடாகவும் இறங்கியது. இந்தப் பணப்புழக்க நடவடிக்கைகளாக மட்டும் சுமார் 8 லட்சம் கோடி ரூபாய் அந்த 20 லட்சம் கோடிக்குள் எண்ணப்பட்டது. மூன்றாவது, உத்தரவாதம். சிறு, குறு தொழில்களுக்கு வங்கிகள் கொடுக்கும் 3 லட்சம் கோடி ரூபாய்க் கடனுக்கு, சொத்து எதையும் அடமானம் கேட்க வேண்டாம், திரும்ப வராவிட்டால் நாங்கள் பொறுப்பு என்று அரசு ஜாமீன் நின்றது.

மூடிக் கிடக்கும் லேத் பட்டறைக்குக் கடனும் உத்தரவாதமும் உதவும்; மின் கட்டணம் கட்டலாம், இரண்டு மாதச் சம்பளம் கொடுக்கலாம். ஆனால் கடன் வாங்கும் துணிச்சல் வர, நாளை வாடிக்கையாளர் வருவார் என்ற நம்பிக்கை வேண்டும். ஜூன் 1-இல் தெருவோர வியாபாரிகளுக்கு 10,000 ரூபாய்க் கடன் என்று ஒரு திட்டம் வந்தது. ஒழுங்காகத் தவணை கட்டினால் வட்டியில் 7 விழுக்காடு மானியம். நல்ல திட்டம்தான், இன்றும் பலருக்கு உதவுகிறது. ஆனால் பள்ளி மூடியிருக்கும்போது பள்ளி வாசலில் மாங்காய் விற்றவர் அந்தக் கடனை வைத்து என்ன செய்வார்?

பழைய பணத்தைப் புதிய உறையில் போட்டுக் கொடுத்த கணக்கும் இருந்தது. மார்ச் தொகுப்பில் விவசாயிகளுக்கு 2,000 ரூபாய் என்றார்கள். அது ஆண்டுக்கு 6,000 என்று ஏற்கெனவே வந்துகொண்டிருந்ததன் ஒரு தவணை. ஏப்ரலிலேயே கொடுத்தார்கள், அவ்வளவுதான். நூறு நாள் வேலைக் கூலி சராசரி 182 ரூபாயிலிருந்து 202 ஆனது என்றார்கள். அதுவும் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1 முதல் விலைவாசிக்கேற்ப வரும் திருத்தம். சீக்கிரம் கொடுப்பதும் உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் நிவாரணத் தொகுப்பைப் படிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் “இது நோய் வராவிட்டாலும் வந்திருக்குமா?” என்று எழுதிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

பணக்கார நாடுகள் வேறு வழியில் போயின. பிரிட்டனில், வேலைக்கு வர முடியாத ஊழியரை நிறுவனம் நீக்காமல் வைத்திருந்தால் அவர் சம்பளத்தில் 80 விழுக்காட்டை, மாதம் 2,500 பவுண்டு வரை, அரசே கொடுத்தது. 2021 செப்டம்பர் வரை நீடித்த அந்தத் திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வேலைகள் ஏதோ ஒரு கட்டத்தில் தாங்கப்பட்டன. இந்தியாவில் அதை அப்படியே செய்ய முடியாது. இங்கே உழைப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெயர் எந்தச் சம்பளப் பட்டியலிலும் இல்லை. சித்தாளுக்கு முதலாளி யார்? திங்கட்கிழமை ஒரு மேஸ்திரி, வியாழக்கிழமை வேறொரு மேஸ்திரி. சம்பளச் சீட்டே இல்லாதவருக்குச் சம்பளத்தில் 80 விழுக்காட்டை எதை வைத்துக் கணக்கிடுவது?

இரண்டாம் கட்டம்: மண்வெட்டியும் வருகைப் பதிவேடும்

2020 ஏப்ரல் 20-க்குப் பிறகு, இடைவெளி விட்டு நூறு நாள் வேலையைத் தொடங்கலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது. நீர்நிலை வேலைகளுக்கு முன்னுரிமை என்றார்கள். எங்கள் ஊரில் ஜூன் மாதம் நடந்ததை நான் பார்த்தேன். சிவகங்கைச் சீமையின் வறண்ட கண்மாய்தான். பணித்தளப் பொறுப்பாளர் கையில் நாடாவும் சுண்ணாம்பும். ஆறடிக்கு ஒரு குச்சி நட்டு, குச்சிக்கு ஒருவராக நிற்க வைத்தார். பெண்கள் முந்தானையால் மூக்கையும் வாயையும் இறுகக் கட்டியிருந்தார்கள். வழக்கமாக ஒருவர் வெட்ட, ஒருவர் சட்டியில் அள்ள, மற்றவர் தலைமாற்றிக் கரையில் கொட்டுவார்கள். கைக்குக் கை மாறும். இடைவெளி என்று வந்தபின் தானே வெட்டி, தானே அள்ளி, தானே சுமக்க வேண்டியிருந்தது. வேலை கடினமானது, அளவும் குறைந்தது. இருந்தும் ஒருவர்கூட வராமல் இருக்கவில்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு கையில் வரப்போகும் முதல் கூலி அது.

அப்போது இந்தத் திட்டத்தின் முழுப்பெயர் மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம். 2005-இல் சட்டமானது, 2006 பிப்ரவரி 2-இல் ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்தில் தொடங்கியது. முதல் கட்டத்தில் தமிழ்நாட்டில் சேர்ந்த ஆறு மாவட்டங்களில் சிவகங்கையும் ஒன்று. 2020-இல் அந்தச் சட்டம் சொன்னது இவ்வளவுதான்: கிராமத்துக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 100 நாள் உடலுழைப்பு வேலை, கேட்டால் கொடுக்க வேண்டும். 15 நாளில் கொடுக்காவிட்டால் வேலையில்லாப் படி. வேலை 5 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். தள்ளிப் போனால் கூலியில் 10 விழுக்காடு கூடுதல். ஒப்பந்தக்காரர் கூடாது. செலவில் 60 விழுக்காடாவது கூலியாகப் போக வேண்டும்.

இந்தச் சட்டத்தின் மேன்மை புரிய வேண்டுமென்றால், நம் ஊரிலேயே நடந்த ஒரு பழைய கதையைப் பார்க்க வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. அப்போதும் நிவாரணம் என்றால் வேலைதான். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதியை வெட்டியவர்கள் பஞ்சம் பிழைக்க வந்தவர்கள். அன்றைய வைசிராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி, ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, கூட ஓர் அணா என்று கூலியைக் குறைத்தார். மண் சுமப்பவருக்கு அந்தச் சோறு போதாது என்று எதிர்த்து எழுதியவர் மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ். கணக்கதிகாரி மிச்சம் என்று கண்டதை, மருத்துவர் உயிரிழப்பாகக் கண்டார். பிறகு கூலி ஓரளவு உயர்ந்தது. அதற்குள் எத்தனையோ உடல்கள் தாங்காமல் விழுந்துவிட்டன.

அந்தக் காலத்தில் வேலை ஒரு சோதனை. உண்மையிலேயே பசித்தவன்தான் இவ்வளவு தூரம் நடந்து வந்து, இவ்வளவு குறைந்த கூலிக்கு, இவ்வளவு பாரம் சுமப்பான் என்பது அதன் தர்க்கம். முகாமை வீட்டிலிருந்து தள்ளி வைத்ததும் அதற்காகவே. 1970-களின் தொடக்கத்தில் மகாராஷ்டிரம் கடும் வறட்சியில் தவித்தபோது அங்கே தொடங்கிய வேலை உறுதித் திட்டம்தான் இந்தத் தர்க்கத்தை மாற்றத் தொடங்கியது. 1977-இல் அந்த மாநிலம் அதைச் சட்டமாக்கியது. 2005-இன் சட்டம் அதை நாடு முழுவதற்கும் உரிமையாக்கியது. ஐந்து கிலோமீட்டர் என்ற ஒரு வரிக்குள் இவ்வளவு வரலாறு இருக்கிறது.

2020-க்கு வருவோம். பட்ஜெட்டில் இந்தத் திட்டத்துக்கு 61,500 கோடி ரூபாய் இருந்தது. மே 17-இல் இன்னும் 40,000 கோடி சேர்த்தார்கள். அந்த நிதியாண்டில் சுமார் ஏழரைக் கோடிக் குடும்பங்கள் வேலை செய்தன; முந்தைய ஆண்டு அது ஐந்தரைக் கோடிக்குச் சற்றுக் குறைவு. மனித நாள் கணக்கில் 265 கோடியிலிருந்து 389 கோடியாக உயர்ந்தது. ஒருவர் ஒரு நாள் செய்யும் வேலைதான் ஒரு மனித நாள். ஒரே ஆண்டில் இப்படிப் பெருக முடிந்ததற்குக் காரணம், வேலை அட்டையும் பதிவேடும் பணித்தளப் பொறுப்பாளரும் வங்கிக்கு நேரே கூலி போகும் ஏற்பாடும் முன்பே இருந்தன. கேட்பவருக்குக் கொடு என்று சட்டமே சொன்னதால், யார் ஏழை என்று புதிதாகக் கணக்கெடுக்க வேண்டியதும் இல்லை. வெயிலில் மண் சுமக்கத் தேவையில்லாதவர் வரமாட்டார்.

திரும்பி வந்தவர்களுக்கென்று தனியாகவும் ஓர் இயக்கம் நடந்தது. ஜூன் 20-இல் பீகாரின் ககாரியா மாவட்டத்துத் தெலிஹார் கிராமத்தை மையமாக வைத்துப் பிரதமர் அதைத் தொடங்கினார். ஆறு மாநிலங்களின் 116 மாவட்டங்கள், 125 நாட்கள், 50,000 கோடி ரூபாய். இதில் பெரும்பங்கு ஏற்கெனவே இருந்த திட்டங்களை ஒன்றுசேர்த்து விரைவுபடுத்தியதுதான்.

கூலி எங்கே போகிறது?

குழிவெட்டக் கொடுத்த காசு வீண் என்று சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. ஒருவர் கையில் 1,000 ரூபாய் கூலி வருகிறது. 800 ரூபாய்க்கு மளிகை வாங்குகிறார், 200 ரூபாயைச் சீட்டில் போடுகிறார். மளிகைக்காரருக்கு வந்த 800-இல் அவர் 640-ஐச் செலவிடுகிறார்: கடைப் பையனுக்குச் சம்பளம், மகளுக்குச் செருப்பு. செருப்புக்காரர் அதில் ஐந்தில் நான்கு பங்கைச் செலவிடுகிறார். இப்படியே ஒவ்வொரு கையும் ஐந்தில் நான்கு பங்கைச் செலவிட்டுக்கொண்டே போனால், கூட்டிப் பார்க்கும்போது முதலில் வந்த ஆயிரம் மொத்தம் 5,000 ரூபாய் வருமானமாகிறது. இதைப் பெருக்க விளைவு என்பார்கள்.

இது ஏட்டுக் கணக்கு. வாங்கும் பொருள் வெளியூரிலிருந்து வந்தால் காசு வெளியூருக்குப் போய்விடும். பழைய கடனுக்குப் போனால் அங்கேயே நின்றுவிடும். ஆகவே உண்மையில் அத்தனை மடங்கு பெருகாது. ஆனாலும் ஏழை கையில் போன ரூபாய் அதிகம் சுற்றும். செலவு செய்யாமல் அவரால் இருக்க முடியாது என்பதே காரணம்.

நோய்க்காலத்தில் இதில் ஒரு நுட்பம் உண்டு. ஊரடங்கின்போது கடை மூடியிருக்கும், செருப்புக்கடை மூடியிருக்கும், பஸ் ஓடாது. காசு கொடுத்தாலும் சுற்ற வழியில்லை. முதல் கட்டத்தில் கொடுக்கும் பணம் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தவில்லையே என்று குறைசொல்வது, சாப்பாடு கொடுத்த பிறகும் நோயாளி ஓடவில்லையே என்று கேட்பதற்குச் சமம். அந்தப் பணம் உயிரைப் பிடித்து வைக்க மட்டுமே. நகையை அடகு வைக்காமல், ஆட்டை விற்காமல், மகனைப் படிப்பிலிருந்து நிறுத்தாமல் மூன்று மாதம் தாண்ட வைத்தால் அது தன் வேலையைச் செய்துவிட்டது. சுழற்சி தொடங்குவது கதவு திறந்த பிறகுதான்.

அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதத்தில் நாட்டின் உற்பத்தி, முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ 24 விழுக்காடு சுருங்கியது. வரி வருமானம் விழுந்தது, செலவு ஏறியது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3.5 விழுக்காடு என்று திட்டமிட்டிருந்த மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை, ஆண்டு முடிவில் 9 விழுக்காட்டைத் தாண்டியது. அரசு கடன் வாங்கித்தான் செலவு செய்தது. அதை நான் தவறென்று நினைக்கவில்லை. குடும்பமே படுத்துக் கிடக்கும்போது கடன் வாங்காமல் எப்போது வாங்குவது? அந்தக் கடன் பணத்தில் நேரடியாக மக்கள் கைக்குப் போனது இன்னும் அதிகமாக இருந்திருக்க வேண்டும் என்பதே என் வருத்தம்.

வாய்க்கால் போகாத இடங்கள்

நூறு நாள் வேலை கிராமத்துக்கு மட்டும். நகரத்துச் சித்தாளுக்கும் வீட்டுவேலை செய்பவருக்கும் அப்படியொரு அட்டை இல்லை. கேரளம் 2010 முதலே சமூகச் சீர்திருத்தவாதி அய்யங்காளி பெயரில் நகர்ப்புற வேலை உறுதித் திட்டம் நடத்தி வந்தது. 2020-இல் ஒடிசாவும் ஜார்க்கண்டும் தங்கள் நகரங்களுக்கு ஏதோ ஒரு வடிவில் தொடங்கின. தமிழ்நாட்டில் ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் சி. ரங்கராஜன் தலைமையில் அமைந்த குழு, நகரங்களுக்கும் இப்படியொரு வேலைத் திட்டம் வேண்டும் என்று அந்த ஆண்டே பரிந்துரைத்தது. 2022-இல் 100 கோடி ரூபாயில் ஒரு சோதனைத் திட்டம் வந்தது. மாநிலத்தில் பாதிப் பேர் நகரங்களில் வாழ்கிறார்கள். அதற்கு இது மிகச் சிறிய தொகை.

கிராமத்திலும் ஓட்டைகள் இருந்தன. அந்த ஆண்டு தமிழ்நாட்டுக்கு நாள் கூலி 256 ரூபாய். ஆனால் அது வெட்டிய மண்ணின் அளவைப் பொறுத்து வரும் கூலி. இடைவெளி விட்டு வெட்டியதில் அளவு குறைந்ததால், கைக்கு வந்ததும் குறைந்தது. நோய்க்காலத்தில் அளவு விதியைத் தளர்த்தி முழுக் கூலி கொடுத்திருக்கலாம். இன்னொன்று, நூறு நாள் என்பது ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு. வறட்சி என்று அறிவித்த பகுதிகளில் 150 நாள் வரை கொடுக்கச் சட்டத்தில் இடமிருந்தது. கொள்ளைநோய்க்கும் அப்படிக் கொடுங்கள் என்று பலர் கேட்டார்கள். நாடு முழுவதற்கும் அது நடக்கவில்லை.

எங்கள் சித்தி வீட்டில் அந்த விதி என்ன செய்தது என்று பார்த்தேன். வழக்கமாக அந்த அட்டையில் சித்தி மட்டும் வேலைக்குப் போவார். நூறு நாள் ஆண்டு முழுக்க வரும். அந்த ஆண்டு மே மாதம் சித்தி மகள் திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து திரும்பி வந்தாள். ஊராட்சியில் சொல்லி அவள் பெயரையும் அட்டையில் சேர்த்தார்கள். இருவரும் கண்மாய்க்குப் போனார்கள். ஒரு நாள் வேலைக்கு அட்டையில் இரண்டு நாள் கழிந்தது. தீபாவளிக்கு முன்பே நூறும் முடிந்துவிட்டது. அப்போது திருப்பூரில் கம்பெனிகள் பாதி ஆட்களோடு திறந்திருந்தன, நோயும் இருந்தது. சித்தி போக வேண்டாம் என்றார். தங்கை முகக்கவசம் இரண்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, கார்த்திகை பிறந்த வாரத்தில் பஸ் ஏறினாள்.